பூஜையில் வைக்காத புத்தகம்

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். விடுமுறையில் குழந்தை படித்த கதைப் புத்தகத்தைப் பற்றிப் பெற்றோர் நிரப்பித் தர வேண்டுமாம். புத்தகத்தின் பெயர், எத்தனை பக்கம், புதிதாகத் தெரிந்துகொண்ட பத்து வார்த்தைகள், கடைசியாக, கதையிலிருந்து குழந்தை கற்றுக்கொண்டது என்ன. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அவள் படித்தது, தும்மல் நிற்காத ஒரு யானையின் கதை. தரையில் உருண்டு உருண்டு சிரித்துப் படித்தாள். தும்முகிற யானையிடமிருந்து என் பிள்ளை என்னத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்? ‘ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, நன்றாக இருந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மறுநாள் டீச்சர் போன் செய்தார். குரலைக் கேட்டாலே தெரிந்தது, சின்னப் பெண். ஏதாவது ஒரு நீதி எழுதிக் கொடுத்துவிடுங்கள், பொறுமை கடலினும் பெரிது என்று போட்டால்கூடப் போதும், கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று கெஞ்சினார். அந்தப் பெண்ணிடம் நான் பேசிய பேச்சு அதிகம்தான். அவருக்குச் சேர வேண்டிய திட்டு இல்லை அது. இருபத்தைந்து வருஷமாக வேறொருவருக்கென்று நான் சேர்த்து வைத்திருந்ததில் கொஞ்சம் அவர் தலையில் கொட்டிவிட்டது.

அந்த வேறொருவர் என் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். கணக்கு வாத்தியார். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற சாலையை ஒட்டிய ஒரு சந்தில் அவர் வீடு. காலையில் ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம் என்று டியூஷன் பிள்ளைகளின் சைக்கிள்கள் சந்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அவருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். ‘இதுலேருந்து என்ன கத்துக்கிட்ட?’ கையில் எதை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாலும் அதைக் கேட்பார். ஒருமுறை கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் கேட்டார். பதில் சொல்லத் தெரியாவிட்டால் படித்தது வீண், படித்த நேரம் வீண், அந்த நேரத்தில் இரண்டு கணக்குப் போட்டிருக்கலாம்.

அப்பாவைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர்தான். இதை எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது சொல்லுவார்கள். அந்த நன்றி அப்பாவின் முதுகெலும்பைக் கழற்றி எடுத்துவிட்டது. பெரியப்பா எதிரில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் புத்தூரில் இரண்டு அறை உள்ள ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நடுவில் ஒரு காவிரி ஓடியும் பிரயோஜனமில்லை. எனக்கு எந்த டிரஸ் எடுப்பது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது எல்லாம் ஸ்ரீரங்கத்திலிருந்துதான் முடிவாகி வரும்.

அம்மாவுக்குப் படிக்கப் பிடிக்கும். உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு, மேடையில் சாய்ந்து நின்று, கையில் கிடைத்ததைப் படிப்பாள். பால் பொங்கி வழிந்த நாட்களில் கதை நன்றாக இருந்தது என்று அர்த்தம்.

எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது ஒருநாள், அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பையைக் கண்டுபிடித்தேன். உள்ளே பைண்டு செய்த தடிமனான புத்தகம். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து, கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, அட்டை ஒட்டி வைத்துக்கொள்வது அந்தக் காலத்தில் பல வீடுகளில் நடந்த வேலை. முதல் இரண்டு தாள்கள் உதிர்ந்துபோயிருந்ததால் கதைக்கு என்ன பெயர், யார் எழுதியது என்பதெல்லாம் தெரியாது. சில பக்கங்களின் ஓரத்தில் பாதி ஜோக்கும் தலைவலித் தைல விளம்பரத்தின் பாதி முகமும் இருக்கும்.

கதை இதுதான். மலையில் இருக்கிற ஒரு சின்ன ஊருக்குத் தந்தி ஆபீஸில் வேலை பார்க்க ஒரு பெண் வருகிறாள். வந்த முதல் வாரமே, அந்த ஊரில் ஒருவருக்கு ஒரு தந்தி வருகிறது. அதைப் படித்துவிட்டு அவள் கொண்டுபோய்க் கொடுக்காமல் தன் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்துவிடுகிறாள். தந்தியில் என்ன இருந்தது என்று கதை லேசில் சொல்லாது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் அந்தப் பெட்டி திறக்கிற மாதிரி வரும், திறக்காது. நான் சாப்பிட மறந்து படித்த முதல் புத்தகம் அது.

இடையில் ஓர் அத்தியாயம் மட்டும் அச்சில் இல்லை. கோடு போட்ட ஆறு தாள்களில் நீல மையில் கையால் எழுதிச் சேர்த்துத் தைத்திருந்தது. அந்த வாரப் பத்திரிகையை யாரிடமோ இரவல் வாங்கி, திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் உட்கார்ந்து முழுவதையும் பார்த்து எழுதியிருக்க வேண்டும். அழகான கையெழுத்து. ‘ழ’ வருகிற இடமெல்லாம் அதன் வால் அடுத்த வரி வரைக்கும் இறங்கிக் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். அம்மாவின் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கும் கையெழுத்து நன்றாக இருந்திருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

அம்மா நான் படிப்பதைப் பார்த்துவிட்டுப் பிடுங்கவில்லை. “படி. அப்பாகிட்ட சொல்ல வேண்டாம். ஸ்ரீரங்கத்துல மூச்சு விடாத” என்றாள்.

நான் மூச்சு விடவில்லை. அதைவிடப் பெரிய காரியமாகச் செய்தேன்.

ஒவ்வொரு வருஷமும் சரஸ்வதி பூஜை பெரியப்பா வீட்டில்தான். பூஜையில் வைக்க அவரவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும். எந்தப் புத்தகம் என்பதற்கும் பெரியப்பாவிடம் சட்டம் உண்டு. எந்தப் பாடம் வரவில்லையோ அதை வைக்க வேண்டும், மீதியை அம்பாள் பார்த்துக்கொள்வாள். அதனால் வருஷா வருஷம் நான் கணக்குப் புத்தகத்தை வைத்தேன். அம்பாளும் வருஷா வருஷம் கைவிட்டாள். அந்த வருஷம் எனக்கு ஒரு யோசனை வந்தது. எப்போது பார்த்தாலும் வராத பாடத்தையே கொண்டுபோய் முன்னால் வைத்தால் சரஸ்வதிக்கும் சலித்துப்போகாதா? அவளுக்கு ஒரு நல்ல புத்தகம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அதோடு, கதை முடிய மூன்று அத்தியாயம்தான் பாக்கி. பெட்டியைத் திறக்கப் போகிறாள். இரண்டு நாள் அந்தப் புத்தகத்தை விட்டு என்னால் இருக்க முடியாது. பைக்குள் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் அதை வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரியாது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினோம். ஆயுத பூஜைக்காக முன்கண்ணாடியின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, டிரைவருக்குச் சாலை தெரியாத அளவுக்கு மாலை போட்டிருந்தார்கள். பாலத்தில் போகும்போது ஆற்றில் இருகரையும் தொட்டுத் தண்ணீர் போயிற்று. மடியில் பை கனத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வீட்டுக் கூடத்தில் மணை போட்டு, பெரியம்மாதான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியம்மாவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் உண்மை. சமைப்பாள், பரிமாறுவாள், பெரியப்பா கூப்பிட்டால் போவாள். நான் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்ததாக அந்தப் பைண்டு புத்தகத்தை நீட்டினேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. வாங்கினவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அதைக் கொண்டுபோய் அடுக்குக்கு அடியில் செருகி, மேலே நாலைந்து புத்தகங்களை வைத்து, அவசர அவசரமாகப் பட்டுத் துணியைப் போட்டு மூடினாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. கிழிந்த அட்டை என்பதால் அடியில் தள்ளிவிட்டாள் என்று நினைத்தேன். பெரியம்மா வடைக்கு அரைத்ததைப் பார்க்க உள்ளே போனதும், நானே துணியை விலக்கி, புத்தகத்தை உருவி எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே, அம்பாள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பெரியப்பா குளித்துவிட்டு வந்து ஒவ்வொரு புத்தகத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். முதலில் கைக்கு வந்தது அதுதான். விரலில் சந்தனத்தோடு அப்படியே நின்றார். அட்டையைத் திறந்து பார்த்தார். தைல விளம்பரத்தின் பாதி முகம் அவரைப் பார்த்துச் சிரித்தது.

யாருடையது என்று கேட்டார். எங்கள் அம்மாவுடையது என்று நான்தான் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. அம்மா சுண்டல் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பெரியம்மாவைத்தான் பார்த்தாள். பிறகு, ஆமாங்க, என்னுடையதுதான் என்றாள்.

எல்லார் எதிரிலும் பெரியப்பா பாடம் நடத்தினார். டியூஷன் பிள்ளைகள் நாலைந்து பேர் பிரசாதத்துக்கு வந்து நின்றார்கள், அவர்களும் கேட்டார்கள். புத்தகம் என்றால் அறிவு தர வேண்டும், இது பொழுதைத் தின்கிற குப்பை, இதைப் போய் வாணி முன்னால் வைக்க எப்படி மனசு வந்தது, பெண்பிள்ளைக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறாயா. கடைசியில் அந்தக் கேள்வியையும் கேட்டார். “சொல்லும்மா. இவ்வளவு தடிப் புஸ்தகம் படிச்சிருக்கியே. இதுலேருந்து என்ன கத்துக்கிட்ட?”

“ஒண்ணும் இல்லீங்க. நல்லா இருந்துச்சு, படிச்சேன்” என்றாள் அம்மா.

அம்மா அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா கற்பூரத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் கற்பூரம்கூட இன்னும் ஏற்றவில்லை. ஒரு வார்த்தை, ‘விடுங்கண்ணா, நல்ல நாளும் அதுவுமா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இன்று அப்பாவுக்கு எழுபது வயதாகிறது. இதைக் கேட்டால் இப்போதும் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்.

“இது புஸ்தகமே இல்லை” என்று தீர்ப்புச் சொல்லி, மாடிப்படிக்கு அடியில் பழைய பேப்பர் கட்டுக்கு மேலே அதைப் போட்டார் பெரியப்பா. அப்புறம் பூஜை நடந்தது. பொரி, கடலை, சுண்டல், வடை எல்லாம் உண்டு.

சரஸ்வதி பூஜையன்று எதையும் படிக்கக் கூடாது. எல்லாப் புத்தகமும் அம்பாளிடம் இருக்கிறது, மறுநாள் விஜயதசமியன்று எடுத்துப் படித்தால்தான் படிப்பு வரும். அன்று படித்தால் படித்தது எல்லாம் மறந்துபோகும். இது எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். வருஷத்தில் ஒரு நாள் படி படி என்று யாரும் துரத்தாத நாள் என்பதால் எல்லாருக்கும் பிடித்த நாளும்கூட. பெரியப்பாவின் இரண்டு மகன்களும் தெருவில் கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள்.

நான் மாடிப்படியின் கீழே உட்கார்ந்து யோசித்தேன். படிக்கக் கூடாதது புத்தகத்தை. இது புத்தகமே இல்லை என்று ஒரு வாத்தியாரே சொல்லிவிட்டார். பூஜையிலும் இல்லை. அப்படியானால் இதைப் படிக்கத் தடையே இல்லை. எனக்கு வாழ்க்கையில் சரியாக வந்த முதல் கணக்கு அதுதான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தேன். மூன்று அத்தியாயத்தில் இரண்டை முடித்தேன். தந்தி யாருக்கு வந்ததோ அவரே அவள் வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துவிட்டார். அவள் சாவியை நீட்டுகிறாள். அந்த இடத்தில் பந்தை எடுக்க மாடிக்கு வந்த பெரியப்பாவின் சின்ன மகன் என்னைப் பார்த்தான். “அப்பா, இவ படிக்கிறா” என்று மேலிருந்தே கத்தினான்.

காதைப் பிடித்து என்னைக் கூடத்துக்கு இழுத்து வந்தார் பெரியப்பா. சரஸ்வதி பூஜையன்று படிக்கிறாயே, உனக்குப் படிப்பு வருமா, உருப்படுவாயா என்று கேட்டார். எனக்குப் பயம் இருந்தது. ஆனால் கணக்கு என் பக்கம் இருந்தது.

“நீங்கதானே பெரியப்பா சொன்னீங்க, இது புஸ்தகம் இல்லைன்னு.”

கணக்கு வாத்தியாருக்கு விடை தெரியவில்லை. அப்போது அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அடக்கி, அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள், எனக்குக் காது திருகல் கிடைத்ததில் இவளுக்குச் சந்தோஷம் என்று நினைத்தேன்.

அந்தச் சிரிப்புத்தான் பெரியப்பாவை வெறியாக்கியது. முதலில் அப்பா என்னை அறைந்தார். அண்ணனை அறைய முடியாதவர் வேறு என்ன செய்வார்? அதற்கு முன்னும் அப்பா என்னை அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. பெரியப்பா புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கி, பெரியம்மாவிடம் நீட்டினார். “நாளைக்குக் காலையில வெந்நீர் அடுப்புல இதைப் போடு. மொத்தத்தையும் போடு. இன்னிக்கு வேண்டாம், நாள் நல்ல நாள்.”

அந்த வீட்டில் தரையில் கிடக்கிற பேப்பரில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். மறந்தால் தலையில் குட்டு விழும். அதே வீட்டில்தான் ஒரு புத்தகத்தை எரிக்க நல்ல நாள் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் விஜயதசமி. புத்தகங்களை மணையிலிருந்து எடுத்து, ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும். பெரியப்பாவின் மகன்கள் அறிவியலும் இங்கிலீஷும் வாசித்தார்கள். நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, ஒரு தொட்டியை நிரப்ப இரண்டு குழாய்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று வாசித்தேன். வாசிக்கும்போதே கொல்லைப்பக்கத்திலிருந்து காகிதம் கருகுகிற வாசனை வந்தது. பெரியப்பா இன்னும் சத்தமாக வாசி என்றார்.

வாசித்து முடித்ததும் கொல்லைக் கதவுக்கு ஓடினேன். வெந்நீர் அடுப்பின் முன்னால் பலகை போட்டுப் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் பிரித்த புத்தகம். தையலை அரிவாள்மணையில் அறுத்து, தாள் தாளாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒரே வீச்சில் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்திருக்காது. அவள் ஒவ்வொரு தாளாக எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, அப்புறம்தான் அடுப்புக்குள் விட்டாள். அது எரிந்து அடங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்தது. இப்படி ரசித்து ரசித்து எரிக்க ஒருத்தியால் முடியுமா என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து பெரியப்பா குளிக்க நேரமாகிறது என்று கத்தினார். அவள் எழுந்திருக்கவில்லை. அண்டாவில் தண்ணீர் கொதித்துத் தளும்பி, அடுப்பில் சொட்டிச் சொட்டிச் சீறியது.

நீல மைத் தாள்கள் அவள் கைக்கு வந்தபோது என்னால் பார்க்க முடியவில்லை. கையால் எழுதியதையாவது விட்டுவிடக் கூடாதா? அம்மா உட்கார்ந்து எழுதியது அது. உள்ளே ஓடிவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மாவிடம் கேட்டேன், உனக்குப் பெரியம்மாமேல் கோபமே வரவில்லையா என்று. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “பெரியம்மாவ ஒண்ணும் சொல்லாத” என்றாள். அதுவும் சேர்ந்து எரிந்தது எனக்கு. கடைசி அத்தியாயத்தில் பெட்டியைத் திறந்தார்களா, தந்தியில் என்ன இருந்தது என்று கேட்டேன். மறந்துபோயிற்று என்றாள். பொய். அவள் மறக்கிறவள் இல்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நான் பெரியம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் செய்து அனுப்புகிற முறுக்கை வாயில் வைத்ததில்லை. என் கல்யாணத்தில் அவளே தொடுத்துக் கொண்டுவந்த கதம்பத்தை, தலை வலிக்கிறது என்று சொல்லிச் சொருகிக்கொள்ளவில்லை. பெரியப்பாவிடம்கூட வாங்க, சாப்பிடுங்க என்று பேசினேன். அவர் கட்டளையிட்டார், அவ்வளவுதான், கட்டளையிடுகிறவர்கள் அப்படித்தான். அதை அவ்வளவு ஆசையாக நிறைவேற்றினவளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன வருஷம் பெரியம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கம் என்பதால் பகலில் துணைக்கு இருக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அம்மா சொன்னதற்காகப் போனேன். இரண்டாம் நாள், கடைக்குப் போய் வருகிறாயா என்று கேட்டு, ஒரு பேப்பரும் பேனாவும் வாங்கி, படுத்தபடியே எழுதிக் கொடுத்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது பிரித்துப் பார்த்தேன். சீப்பு. தேங்காயெண்ணெய் சின்ன பாட்டில். வாழைப்பழம் நாலு. பழைய வாரப் பத்திரிகை கிடைத்தால் இரண்டு.

‘ழ’வின் வால் அடுத்த வரி வரைக்கும் இறங்கிக் கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

லிஃப்டு வந்து போயிற்று. அங்கேயே ஒரு ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு திரும்பிப் போய், அந்தத் தந்தி ஆபீஸ் கதை உங்களுடையதா பெரியம்மா என்று கேட்டேன். அவள் முதலில் வாசல் பக்கம் பார்த்தாள். இத்தனை வயதுக்கு மேல், காலில் கட்டோடு படுத்துக்கொண்டு, பெரியப்பா வருகிறாரா என்று பார்த்தாள். அதற்கே நான் அந்த மனுஷரைப் போய் உலுக்க வேண்டும்.

அவளுடையதுதான். கல்யாணமான இரண்டாம் வருஷம் வாராவாரம் சேர்த்தது. எதிர்வீட்டில் வாங்கிய இரவல் பத்திரிகையில் ஓர் அத்தியாயத்தை, பெரியப்பா பள்ளிக்கூடம் போன நேரத்தில் எழுதி முடித்தது. அவளே தைத்தது. அரிசிப் பானையில், விறகுக்கு அடியில், பரணில் என்று இடம் மாற்றி மாற்றிக் காப்பாற்றியது. ஒரு வருஷம் வெள்ளையடிக்கப் பரணை ஒழிக்கச் சொன்னபோது வேறு வழியில்லாமல், புத்தூரிலாவது பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அதைத்தான் நான் மடியில் வைத்துப் பெருமையாகப் பாலம் தாண்டி, எந்த வீட்டிலிருந்து தப்பித்ததோ அந்த வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அடியில் ஒளித்து வைத்ததையும் தோண்டி எடுத்து மேலே வைத்தேன்.

“உங்கம்மா எனக்காகப் பேச்சு வாங்கினா” என்றாள் பெரியம்மா. “நீ கேட்டியே ஒரு கேள்வி. சிரிப்பை அடக்க முடியல எனக்கு. அதனாலதான் எல்லாம் கெட்டுது.” போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, “அன்னிக்கு வெந்நீர் ரொம்பக் கொதிச்சுப்போச்சுன்னு உங்க பெரியப்பா கத்தின கத்து இருக்கே” என்று மறுபடியும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், அந்தத் தந்தியில் என்னதான் இருந்தது என்று கேட்டேன். அதை மட்டும் தனியாகச் சொன்னால் நன்றாக இருக்காது, முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றாள். இனி எங்கே போய்ப் படிப்பது? பெரியப்பா இப்போது நாள் முழுக்கக் கைப்பேசியில் குட்டிக் குட்டி வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று நான் இன்னும் கேட்கவில்லை. ஒருநாள் கேட்பேன்.

ஆனால் ராத்திரி படுத்தால் எனக்கு அவர் முகம் வருவதில்லை. கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பதினோரு வயதுப் பெண்தான் வருகிறாள். அவளைத்தான் முதலில் அறைய வேண்டும் என்று தோன்றுகிறது. எல்லாவற்றையும் பார்த்தாள் அவள். பெரியம்மா ஒவ்வொரு தாளாக எடுத்ததைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் திருப்பியதைப் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டதையும் பார்த்தாள். அடுப்பில் காகிதம் போட யாருக்கும் கண்ணாடி தேவையில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.